ஃப்ரேமுக்கு வெளியே: பைக் வீடியோ பார்க்கிற நமக்கு ஒரு கணக்குப் பாடம்



இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. சோம்பேறித்தனம் ஒரு காரணம்னாலும், எழுத உட்கார்ந்தா கை ஓடலை என்பதுதான் உண்மை. ஏன்னு முதல்லயே சொல்லிடுறேன்.

போன வருஷம் செமஸ்டர் முடிஞ்ச மறுநாள், அஞ்சு பேர் மூணு பைக்ல ஒரு மலைக்குப் போனோம். பாதி மலை ஏறினதும் ஒரு கொண்டை ஊசி வளைவு. கீழே பள்ளத்தாக்கு, பனி, காலை வெயில். "இங்க ஒரு ரீல்ஸ் எடுத்தா செமையா இருக்கும்"னு சொன்னது நான். மொபைலோட வளைவுல நின்னதும் நான். நண்பன் கீழே போய்த் திரும்பி வந்து, பைக்கைச் சாய்ச்சு அழகா வளைவைக் கடந்தான். முதல் டேக். அங்கேயே பாட்டுச் சேர்த்து அவன் அக்கவுன்ட்ல போட்டோம்.

அப்புறம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "மச்சி, இன்னொரு தடவை. கொஞ்சம் ஸ்பீடா வா."

ரெண்டாவது டேக்ல வளைவின் நடுவுல கொஞ்சம் மண் கிடந்தது. முதல் டேக்லயும் அது அங்கேதான் இருந்திருக்கும், அவன் டயர் அதுல படலை, அவ்வளவுதான். இந்தத் தடவை பட்டது. ஹெல்மெட் தலையைக் காப்பாத்திச்சு. தொடை எலும்பு ரெண்டு துண்டு. ஆபரேஷன், பிளேட், ஒரு செமஸ்டர் போச்சு. அவன் அப்பா இன்னும் கடன் கட்டிக்கிட்டு இருக்கார். அவன் விழுந்த பிறகும் என் மொபைல் நாலு நிமிஷம் ரெக்கார்ட் ஆகிட்டே இருந்திருக்கு, ரோட்டோரப் புல்லை மட்டும் காட்டிக்கிட்டு.

அன்னைக்குச் சாயங்காலம் நாங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்திருந்தப்போ அவன் மொபைல்ல நோட்டிஃபிகேஷன் வந்துக்கிட்டே இருந்தது. முதல் டேக்குக்கு. "வேற லெவல் ப்ரோ", "தலைவா எந்த இடம்?", "நாங்களும் வர்றோம்".

உலகத்தைப் பொறுத்தவரை அந்த வளைவுல யாரும் விழவே இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க நான் பேசப்போறது இந்த ஒரு விஷயத்தைத்தான். பைக் வீடியோ எதுவும் பார்க்காதீங்கன்னு சொல்ல வரலை, நானும் பார்க்கிறேன். ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. ஒரு டேட்டா கையில் வந்தா அதுல என்ன விடுபட்டிருக்குன்னு கேட்கத்தானே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறாங்க?

1. திரும்பி வராத விமானங்கள்

இரண்டாம் உலகப் போர் சமயத்துல ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருந்த புள்ளியியல் ஆய்வுக் குழுவுல வேலை பார்த்தார். போருக்குப் போய்த் திரும்பின விமானங்கள்ல எங்கெங்கே குண்டு பட்டிருக்குன்னு கணக்கு இருந்தது. குண்டு நிறையப் பட்ட இடத்துல கவசம் போடலாம்னுதான் யாருக்கும் தோணும். வால்ட் பார்வை வேற. கையில இருக்கிற கணக்கு திரும்பி வந்த விமானங்களோடது மட்டும்தான். இன்ஜின் பகுதியில் ஓட்டை குறைவா இருக்குன்னா, அங்கே குண்டு படலைன்னு அர்த்தம் இல்லை, அங்கே அடிபட்டது திரும்பி வரலைன்னு அர்த்தம்.

இப்போ உங்க ஃபீடைத் திறந்து பாருங்க. அதுல வர்ற ஒவ்வொரு வீலிங்கும், ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல புகுந்து போற ஒவ்வொரு ஷாட்டும், திரும்பி வந்த விமானம். விழுந்தவன் பெரும்பாலும் அப்லோட் பண்றதில்லை. எங்க நண்பனோட ரெண்டாவது டேக் இன்னும் என் மொபைல்லதான் இருக்கு, யாருக்கும் அனுப்பலை. நூறு வீடியோ பார்த்துட்டு "நூறு பேரும் நல்லாத்தானே ஓட்டுறாங்க"ன்னு நம்ம மூளை போடுற கணக்குல அடிப்படையே தப்பு.

அப்போ விடுபட்ட டேட்டா எங்கே இருக்கு? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் வெளியிடுற அறிக்கையில இருக்கு. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல இரு சக்கர வாகனத்துல போனவங்க 44.5 சதவீதம், அதாவது ஒரு நாளைக்குச் சராசரியா 200 பேருக்கு மேல். மொத்த இறப்புல சுமார் 71 சதவீதத்துக்கு அதிவேகம்தான் காரணம்னு பதிவாகி இருக்கு. ஹெல்மெட் போடாததால இறந்தவங்க மட்டும் 50,000 பேருக்கு மேல். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இவங்க யாருக்கும் பின்னணி இசை கிடையாது.

2. கேமரா என்ன பண்ணுது?

அடுத்து, அந்தக் கருவியையே பாருங்க. ஹெல்மெட்ல மாட்டுற ஆக்‌ஷன் கேமராவுக்கு லென்ஸ் ரொம்ப அகலமான கோணம். இந்த லென்ஸ்ல ரெண்டு விஷயம் நடக்கும். ஓரத்துல இருக்கிற மரம், கல், தடுப்புச் சுவர் எல்லாம் மின்னலா பின்னாடி ஓடும், அதனால வேகம் அதிகமாத் தெரியும். நேர் எதிர்ல வர்ற லாரி நிஜத்தைவிடச் சின்னதா, தூரமாத் தெரியும். அதனால ரெண்டு வண்டிக்கு நடுவுல இருக்கிற இடைவெளி நிறைய இருக்கிற மாதிரியும் இருக்கும். விறுவிறுப்பு கூடுது, ஆபத்து குறையுது. ரெண்டுமே கண் ஏமாறுறதுதான்.

அப்புறம் ஸ்டெபிலைசேஷன். கேமராவுக்குள்ள இருக்கிற கைரோ சென்சார் ஒவ்வொரு ஆட்டத்தையும் அளந்து, படத்தை அதுக்கு எதிர்த் திசையில நகர்த்திச் சரிபண்ணிடும். ஹேண்டில் நடுங்கினது, பள்ளத்துல தூக்கிப்போட்டது, காத்து தள்ளினது எல்லாம் காணாமப் போயிடும். ஓட்டுறவன் உடம்பு உதறிக்கிட்டு இருந்திருக்கும், பார்க்கிற நமக்கு வண்டி வெண்ணெய்ல கத்தி மாதிரி போகும். சத்தத்துக்கும் இதே கதிதான். காத்து இரைச்சலை எடுத்துட்டுப் பாட்டைப் போட்டுடுவாங்க.

கடைசியா எடிட்டிங். நாலு மணி நேரம் ஓட்டினது எட்டு நிமிஷம் ஆகுது. நாய் குறுக்கே வந்து பிரேக் அடிச்சது, பயந்து ஓரம் கட்டினது, ஒரே வளைவை நாலு தடவை எடுத்தது, நண்பன் முன்னாடி போய் ரோடு காலியான்னு பார்த்துச் சொன்னது எதுவும் அந்த எட்டு நிமிஷத்துல இருக்காது.

3. கணக்கு ஒன்று: 20 கி.மீ. தானே அதிகம்?

இப்போ நோட்டை எடுங்க. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

ஒரு தடையைப் பார்த்து, மூளைக்கு உறைச்சு, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடின்னு வெச்சுக்குவோம். இது ரொம்பத் தாராளமான கணக்கு. இந்தியாவில் ரோடு டிசைன் பண்றப்போ இதுக்கு 2.5 நொடி எடுத்துக்கிறாங்கன்னு சிவில் நண்பர்களுக்குத் தெரியும். நல்ல ரோடு, நல்ல டயர், பதறாம பிரேக் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் என்றால் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 7 மீட்டர் அளவுக்குக் குறையும். பிரேக் பிடிச்ச பிறகு ஓடுற தூரம், வேகத்தின் வர்க்கத்தை இந்த 7-இன் இரண்டு மடங்கால் வகுத்தா வரும்.

60 கி.மீ. வேகம்னா நொடிக்கு 16.7 மீட்டர். யோசிக்கிற ஒரு நொடியில 16.7 மீட்டர் போயாச்சு. பிரேக் பிடிச்ச பிறகு இன்னும் 19.8 மீட்டர். மொத்தம் 36.5 மீட்டர். இதே மாதிரி போட்டா:

80 கி.மீ. வேகத்தில் 57.5 மீட்டர்.
100 கி.மீ. வேகத்தில் 83 மீட்டர்.
120 கி.மீ. வேகத்தில் 113 மீட்டர்.

இது வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இப்போ கேள்வியைக் கொஞ்சம் மாத்துவோம். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல போறாங்க. ஒருத்தர் 60, இன்னொருத்தர் 80. சரியா 36.5 மீட்டர் தூரத்துல ஒரு மாடு ரோட்டுக்கு வந்துடுது. ரெண்டு பேரும் ஒரே நொடியில பிரேக் பிடிக்கிறாங்க. 60-ல் போனவர் மாட்டு மூக்குக்கு முன்னாடி நின்னுடுவார். 80-ல் போனவர் அந்த இடத்துக்கு வர்றப்போ என்ன வேகத்துல இருப்பார்?

"அவர் 20 அதிகமாப் போனார், அதனால 20-ல் இடிப்பார்"ன்னுதான் நிறையப் பேர் சொல்றாங்க. போட்டுப் பாருங்க. யோசிக்கிற நொடியிலேயே அவர் 22.2 மீட்டர் போயிட்டார். பிரேக்குக்கு மிச்சம் 14.3 மீட்டர்தான். விடை: மணிக்கு சுமார் 62 கி.மீ. 62 கி.மீ. வேகத்துல ஒரு பொருள்மேல மோதுறது, 15 மீட்டர் உயரத்துல இருந்து கீழே விழுறதுக்குச் சமம். நம்ம ஹாஸ்டல் மாதிரி கட்டடத்துல அஞ்சு மாடி உயரம்.

100-க்கும் 120-க்கும் இதே கணக்கைப் போட்டா, 100-ல் போனவர் நிக்கிற இடத்துல 120-ல் போனவர் 73 கி.மீ. வேகத்துல மோதுவார். 2018-ல் மத்திய அரசு அறிவிச்ச உச்ச வேகம் இரு சக்கர வாகனத்துக்கு எக்ஸ்பிரஸ்வேயிலயே 80 கி.மீ.தான். வீடியோ டைட்டில்ல 150, 200-ன்னு எண்ணைப் பார்க்கிறப்போ அதோட வர்க்கத்தையும் நினைச்சுப் பாருங்க.

4. கணக்கு இரண்டு: கொண்டை ஊசி

இந்தக் கணக்கை நான் ஒரு வருஷம் தாமதமாப் போட்டேன்.

மலை ரோட்டுல கொண்டை ஊசி வளைவுக்கு இந்தியச் சாலை விதிகள் சொல்ற குறைந்தபட்ச டிசைன் வேகம் மணிக்கு 20 கி.மீ., உள் ஆரம் 14 மீட்டர். அந்த ஆரத்துல ஒரு பைக் திரும்பணும்னா எவ்வளவு சாயணும்? சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட், வேகத்தின் வர்க்கத்தை ஆரமும் புவியீர்ப்பு முடுக்கமும் சேர்ந்த பெருக்கலால் வகுத்தா கிடைக்கும்.

20 கி.மீ. என்றால் 13 டிகிரி.
30 கி.மீ. என்றால் 27 டிகிரி.
40 கி.மீ. என்றால் 42 டிகிரி.

அந்த டேன்ஜென்ட் மதிப்புதான் டயருக்குத் தேவைப்படுற உராய்வுக் கெழுவும். 40-ல் அது 0.9. காய்ஞ்ச நல்ல தார் ரோட்டுல, நல்ல டயர்ல, கிட்டத்தட்ட கிடைக்கக்கூடிய எல்லாத்தையும் கேட்கிற எண் அது. ரோட்டைத் தொடுற டயர் பரப்பு ஒரு உள்ளங்கை அளவுதான். அதுல கொஞ்சம் மண், காய்ஞ்ச இலை, லாரி சிந்தின டீசல் இருந்தா உராய்வு பாதிக்கும் கீழே போயிடும். சாய்ஞ்சிருக்கிறப்போ பயந்து பிரேக் பிடிச்சா, திரும்புறதுக்கும் நிறுத்துறதுக்கும் அதே உராய்வைத்தான் பங்கு போடணும். ஏ.பி.எஸ். இருக்குன்னு நம்பலாமா? சாதாரண ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும், இல்லாத உராய்வை அதால உண்டாக்க முடியாது.

"கொஞ்சம் ஸ்பீடா வா"ன்னு நான் சொன்னது 30-ல் இருந்து 40-க்குத்தான் இருந்திருக்கும். வெறும் 10 கி.மீ.

வீலிங்குக்குப் பெரிய கணக்கே வேண்டாம். பிரேக் பிடிக்கிறப்போ எடை முன்பக்கம் போறதால ஒரு பைக்கை நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் சக்கரத்தோடது. திருப்புற வேலையும் அதோடதுதான். வீலிங் பண்றவர் ஓடுற வண்டியில அந்தச் சக்கரத்தையே வேலையில இருந்து தூக்கிடுறார். அந்த நேரம் ஒரு பாட்டி ரோட்டைக் கடந்தா அவரால செய்யக்கூடியது கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லை.

5. விழுந்தது வெளியே தெரிஞ்சபோது

சில சமயம் ரெண்டாவது டேக்கும் வெளியே வந்துடும். 2023 மே மாசம், டேராடூனைச் சேர்ந்த அகஸ்தய் சௌஹான் என்ற பைக் யூடியூபர் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில விபத்துல இறந்தார். மணிக்கு 300 கி.மீ. தொட முயற்சி பண்ணினார்னு அப்போ செய்திகள் வந்தன. அதே வருஷம் செப்டம்பர்ல யூடியூபர் டி.டி.எஃப். வாசன் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில காஞ்சிபுரம் பக்கத்துல வீலிங் செய்ய முயன்று தூக்கி எறியப்பட்டார். கையில் எலும்பு முறிவு, கைது, அப்புறம் 10 வருஷத்துக்கு ஓட்டுநர் உரிமம் முடக்கம். ஜாமீன் மனு விசாரணையில, பைக்கை எரிச்சுட்டு யூடியூப் சேனலை மூடிடலாம் என்கிற அளவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. விலை உயர்ந்த பாதுகாப்பு உடை போட்டிருந்ததாலதான் அவர் பிழைச்சார் என்ற பேச்சும் நீதிமன்றத்துல வந்தது. அதைப் பார்த்துச் செய்றவன் டீ-ஷர்ட்டும் செருப்பும் போட்டிருப்பான். உடையோட விலை தம்ப்நெய்ல்ல வராது.

2022-ல் சென்னையில வீலிங் பண்ணி மாட்டின ஒரு இளைஞருக்கு உயர் நீதிமன்றம் போட்ட ஜாமீன் நிபந்தனை எனக்குப் பிடிச்சது. அரசு மருத்துவமனையோட விபத்துச் சிகிச்சைப் பிரிவுல போய் உதவி செய்யணும். ஃப்ரேமுக்கு வெளியே இருக்கிறதைக் கொண்டுபோய்க் கண்ணு முன்னாடி வைக்கிற தீர்ப்பு அது.

ஓட்டுறவங்களை மட்டும் திட்டிட்டு முடிச்சுட்டா நியாயம் இல்லை. பைக் விளம்பரத்துல கீழே பொடி எழுத்துல "வல்லுநர்களால் செய்யப்பட்டது, முயற்சிக்க வேண்டாம்"னு போடுறாங்க. படிக்கிறதுக்குள்ள மறைஞ்சுடும். ஆபத்தான ஓட்டுதலைத் தூண்டுற மாதிரி விளம்பரம் காட்டக்கூடாதுன்னு விளம்பரத் தரக் கவுன்சிலோட வழிகாட்டுதல் இருக்கு. விளம்பரத்துல காட்ட முடியாத அதே வேகத்தை ஒரு சேனல்காரர் "ரிவ்யூ"ன்னு காட்டுறப்போ அந்தப் பொடி எழுத்துகூட வர்றதில்லை. செய்தி சேனல்களும் சளைச்சவங்க இல்லை. "அத்துமீறும் இளைஞர்கள்"னு தலைப்புப் போட்டுட்டு, அதே வீலிங்கைப் பத்துத் தடவை ஸ்லோ மோஷன்ல பாட்டோட ஓட்டுவாங்க.

அப்புறம் நாம. ரீல்ஸை முழுசாப் பார்க்கிறது, திரும்பப் பார்க்கிறது, "வேற லெவல்"னு கமென்ட் போடுறது எல்லாம் அந்த அல்காரிதத்துக்கு இன்புட். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிச்ச பாசிட்டிவ் ஃபீட்பேக்தான். போன வாரம் 120-க்கு வந்த லைக் இந்த வாரம் 140-க்குத்தான் வரும். அதுக்கு எல்லை வைக்கிற ஆள் யாரும் அந்தச் சுற்றுக்குள்ள இல்லை.

6. வேகம் பிடிச்சா தப்பா?

நிச்சயமா இல்லை. தமிழ்நாட்டுக்கு இதுல பெரிய வரலாறே இருக்கு. சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட டிராக் இருக்கு. கோயம்புத்தூர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. டிராக்ல எதிர்ல லாரி வராது, மாடு வராது, குழந்தை ஓடி வராது. வளைவுக்கு வெளியே விழுந்து உருள இடம் விட்டிருப்பாங்க. மார்ஷல்கள், ஆம்புலன்ஸ் தயாரா நிக்கும். உடை, ஹெல்மெட், வண்டி எல்லாத்தையும் பரிசோதிச்சுத்தான் உள்ளே விடுவாங்க. இவ்வளவு இருந்தும் அங்கேயும் உயிர் போயிருக்கு. அப்போ இது ஒண்ணும் இல்லாத ஈ.சி.ஆர்.ல என்ன நடக்கும்?

முக்கியமான வித்தியாசம் ஒண்ணு. டிராக்ல இருக்கிற எல்லாரும் அந்த ஆபத்துக்குத் தெரிஞ்சே சம்மதிச்சு வந்தவங்க. ரோட்டுல டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ல காய்கறி மூட்டையோட போற அண்ணன் உங்க ரேஸுக்குச் சம்மதிக்கலை.

7. வீட்டுப்பாடம்

அடுத்து ஒரு பைக் வீடியோ வர்றப்போ, லைக் போடுறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

ஒண்ணு, இது எத்தனையாவது டேக்?
ரெண்டு, இந்த வேகத்துல நிக்க எத்தனை மீட்டர் வேணும், கண்ணுக்குத் தெரியிற ரோடு எத்தனை மீட்டர் இருக்கு?
மூணு, ஓட்டுறவர் போட்டிருக்கிற உடை என்ன, நான் போடப்போறது என்ன?
நாலு, இந்த ரோட்டுல இருக்கிற மத்தவங்க யாரு?
அஞ்சு, இது விழுந்திருந்தா எனக்கு இந்த வீடியோ வந்திருக்குமா?

அஞ்சாவது கேள்விக்கு "வந்திருக்காது"ன்னு பதில் வந்தா, நீங்க பார்த்துக்கிட்டு இருக்கிறது பாதி டேட்டான்னு புரிஞ்சுக்கலாம்.

பொறுமையா ஓட்டி, ஊர்களைக் காட்டி, வண்டி பராமரிப்பு சொல்லிக்கொடுத்து, பிரேக் பிடிக்கக் கத்துக்கொடுக்கிற சேனல்களும் தமிழ்ல இருக்கு. அவங்களுக்குக் கூட்டம் குறைவு. உங்க வியூஸ் அங்கே போகட்டும். கூட வர்ற நண்பன் விழுந்துட்டா மொபைலை வீடியோவுக்குப் பிடிக்காம 108-க்குப் பிடிங்க. தமிழ்நாட்டுல முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சைக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்குன்னும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அன்னைக்கு எங்க அஞ்சு பேர்ல ஒருத்தனுக்கும் அது தெரியாது.

என் நண்பன் இப்போ நல்லா நடக்கிறான். படி இறங்குறப்போ மட்டும் கைப்பிடியைப் பிடிச்சுக்குவான். இந்தக் கட்டுரையை அவன்கிட்டதான் முதல்ல காட்டினேன். படிச்சுட்டு, "கணக்கு எல்லாம் சரி மச்சி. நீ ஸ்பீடா வான்னு சொன்னதை எடுத்துடு, உன்னைத் திட்டப் போறாங்க"ன்னான்.

எடுக்கலை. அதை நான் எடுத்துட்டா இதுவும் இன்னொரு முதல் டேக் ஆயிடும்.

அந்த வளைவுல நின்னு மொபைலைப் பிடிக்கிற இடத்துல நாளைக்கு நீங்க இருக்கலாம். இருந்தா, ரெண்டாவது டேக் கேட்காதீங்க.